ஆளில்லைன்னு சொன்னவன்

பெரியப்பான்னு கூப்பிடாத. முறைக்கு அப்படித்தான் வரும். உங்கப்பன் கூத்தனும் நானும் ஒரே வகையறா, அதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனா கூப்பிடாத. நாப்பது வருஷமா அந்த எஸ்டேட் லயத்துல இருந்து ஒரு நாய்கூட இந்த மரக்கிடங்குப் பக்கம் எட்டிப் பாத்ததில்லை. இப்ப நீ செருப்பும் தோள்ல பையுமா வந்து நின்னுக்கிட்டு பெரியப்பாங்கற. அந்த மரத்து மேல உக்காரு. தண்ணி வேணும்னா பானையில இருக்கு. குடிக்க மாட்ட, தெரியும். சடையன் கையால தண்ணி வாங்காதேன்னு சொல்லித்தான வளத்திருப்பாங்க.

குடிச்சிட்டயா. சரி.

பேரு என்ன? எஸ்தரா. அது மிஷன் பள்ளிக்கூடத்துல வெச்ச பேரு. உங்கம்மா வெள்ளச்சி உனக்கு வெச்ச பேரு என்னன்னு கேக்கறேன். தெரியாதா. முப்பத்தஞ்சு வயசு ஆயிருக்கும் உனக்கு, உன் பேரு உனக்குத் தெரியாது. நீ வந்து ஈச்சம்பதி எங்க எடம்னு சர்க்கார்ல கேக்கப் போற. நல்லா கேளு.

நீ எதுக்கு வந்திருக்கன்னு நீ சொல்ல வேண்டாம். சனிக்கெழம தாலுக்கா கச்சேரியில விசாரணை. வெள்ளைக்காரன் போயிட்டான், நம்ம சர்க்கார் வந்திருச்சு, ரிசர்வு காட்டுக்குள்ள இருந்து வெரட்டுனவங்க மனு குடுக்கலாம்னு தண்டோரா போட்டாங்க. எனக்கும் காது இருக்கு. நான் வந்து கூண்டுல நின்னு, ஆமாங்க, அங்க ஆளுங்க இருந்தாங்க, நான்தான் பொய் சொன்னேன்னு சொல்லணும். அதுக்குத்தான வந்த? வர மாட்டேன். முடிஞ்சுது. ஆனா வந்தது வந்துட்ட. உங்க லயத்துல சொல்றதையே கேட்டு வளந்தவ நீ. என்ன நடந்துச்சுன்னு நான் சொல்றேன், கேட்டுட்டுப் போ. பஸ்சுக்கு இன்னும் நேரம் இருக்கு.

சடையன் சோத்துக்காக வெள்ளைக்காரன்கிட்ட ஓடுனான்னு சொல்வாங்க. இல்லை. என்னை அனுப்புனது யாரு? உன் தாத்தன். உங்கம்மாவைப் பெத்த மயிலன் மூப்பன், ஊருக்குத் தலைவரு. அப்ப எனக்கு இருபது வயசு. மலைய அளக்கறதுக்கு ஒரு தொரை வந்து கீழ ஆத்தோரம் கூடாரம் அடிச்சிருந்தான். வழி தெரிஞ்ச ஆள் ஒருத்தன் வேணும்னு நம்ம ஊரு ஈச்சம்பதிக்குச் சொல்லி அனுப்புனான். மூப்பன் எல்லாரையும் உக்கார வெச்சுக் கேட்டாரு. ஒருத்தனும் போகலை. அப்பறம் என்னைப் பாத்து, "சடையா, உனக்குக் கீழ்ப் பேச்சு வரும். நீ போ. நாம போகலைன்னா அவன் வேற யாரையாவது கூட்டிட்டு வருவான், அவன் நம்ம செத்தவங்களப் பொதைச்ச எடத்து மேலயே அளக்கற சங்கிலி போடுவான்"னாரு. அவர் வாயால சொன்னது. உங்கம்மாவும் அங்கதான் நின்னா. கேட்டுப் பாரு.

உங்கம்மா இருக்காளா?

நடக்க முடியலையா. ம். அவதான் உன்னை அனுப்புனாளா? இல்லையா. நீ இங்க வந்தது அவளுக்குத் தெரியாதா. சரி விடு, நான் சும்மா கேட்டேன்.

போனேன். ரெண்டு மாசம் அந்தத் தொரை கூட நடந்தேன். சின்ன வயசுக்காரன்தான், இருபத்தஞ்சு இருக்கும். கழுத்தெல்லாம் வெந்த மாதிரி சிவந்து கெடக்கும், மூணு நாளைக்கு ஒருக்கா காச்சல் வரும். மூணு காலு மேல பித்தளைக் குழாய் ஒண்ணு வெச்சிருப்பான், அதுல கண்ணை வெச்சான்னா எடுக்க மாட்டான். கூட ஒரு ரைட்டர், கீழ்நாட்டுக்காரன். தொரை கேப்பான், ரைட்டர் எங்கிட்டக் கேப்பான், நான் சொல்வேன். இந்த ஓடைக்குப் பேரு என்ன, இந்தப் பாறைக்குப் பேரு என்ன. நம்ம பேரெல்லாம் நான்தான் சொன்னேன். பூரானோடை, கெழவி படுத்த பாறை, தேன்தூக்கி. சாயங்காலம் ரைட்டர் எழுதுனதைப் படிச்சுக் காட்டுவான். எனக்கே புரியாது, இது எந்த ஊரு ஓடைன்னு இருக்கும். அப்படி இல்லைங்க, இப்படின்னு சொல்வேன். "போடா, எழுதியாச்சு"ம்பான். இன்னிக்கும் மேப்புல அப்படித்தான் இருக்கு. பாரஸ்டுக்காரங்களுக்கு அந்தப் பேருதான் தெரியும். இருபத்தெட்டு வருஷம் நானும் அந்தப் பேரைத்தான் சொன்னேன், வேற சொன்னா வழி தப்பிருவாங்களே.

ஒரு காக்கிச் சட்டை குடுத்தாங்க. போட்டுக்கிட்டேன். குளுருச்சு, போட்டுக்கிட்டேன். அதுல என்ன தப்பு?

பூ பூக்கற மாசத்துல பதிக்கு வந்தேன். வெள்ளச்சியப் பொண்ணு கேக்கறதுக்கு. சின்னதுல இருந்தே எனக்குன்னுதான் பேச்சு. ஊருக்கே தெரியும். மூப்பன் மூங்கில் சீவிக்கிட்டு இருந்தாரு. நிமிரவே இல்லை.

"எங்க தங்கறே?" ன்னாரு.

"கூடாரத்துலதான்."

"என்ன திங்கற?"

"அவங்க குடுக்கறதை."

"யார் சமைக்கறா?"

"தொரையோட சமையல்காரன்."

கத்திய வெச்சுட்டு அப்பத்தான் பாத்தாரு. "நீ கீழ எறங்குனவன், சடையா. உன் மேல அவங்க வாசம் அடிக்குது. என் புள்ளைய அந்த வாசத்துக்குக் குடுக்க மாட்டேன்."

"நீங்கதான அனுப்புனீங்க?"

"வழி காட்டத்தான் அனுப்புனேன். அவன் ஆளாகறதுக்கு இல்லை."

இதுதான் பேச்சு. இதுக்கு மேல ஒரு வார்த்தை இல்லை. உங்கம்மா வாசல்ல கெழங்கு சுட்டுக்கிட்டு இருந்தா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்பா, அப்படிச் சொல்லாதீங்கன்னு ஒரு வார்த்தை. கெழங்கைத் திருப்பிப் போட்டா. அவ்வளவுதான். ரெண்டு நாள் பதியிலயே சுத்திக்கிட்டு இருந்தேன், கூப்பிடுவாங்கன்னு. மூணாம் நாள் உங்கப்பன் கூத்தனுக்குப் பேசி முடிச்சுட்டாங்க. கூத்தன் நல்லவன்தான். தேன் வெட்டுறதுல கெட்டிக்காரன். அவனைக் குத்தம் சொல்லலை. யாரையும் குத்தம் சொல்லலை. நடந்தது இது.

அதுக்கு நாலு நாள் கழிச்சு, எதுத்த மலை முகட்டுல நிக்கறோம். நானு, தொரை, ரைட்டர், சங்கிலிக்காரங்க ரெண்டு பேரு. காலைவேளை. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஈச்சம்பதி. மரத்துக்கு மேல பொகை நேரா எந்திரிச்சு நிக்குது. தொரை குழாயத் திருப்பி அங்க வெச்சான். ரைட்டர் கேட்டான், "அங்க யாருடா குடியிருக்கறது? எத்தனை வீடு?"

நான் சொன்னேன், "ஆளில்லைங்க."

"பொகை வருதே?"

"தேனெடுக்க வந்தவங்க மூட்டுன தீ. போயிருவாங்க."

அவ்வளவுதான் நான் சொன்னது. ரைட்டர் சொன்னான், தொரை என்னைப் பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான். மறுபடி குழாயில கண்ணை வெச்சுப் பாத்தான். என்னமோ இங்கிலீஷ்ல சொன்னான். ரைட்டர் லேசாச் சிரிச்சான். என்ன சொன்னாருன்னு கேட்டேன். "உனக்கு எதுக்கு"ன்னுட்டான்.

சொல்லும்போது எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? நல்லா இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். எம்மேல வாசம் அடிக்குதுன்னயே மூப்பா, இப்ப நீயே இல்லைன்னு நெனச்சேன். ஒரு நாள் பூரா நல்லா இருந்துச்சு. மறுநாள் அது நிக்கலை. ரைட்டர்கிட்டப் போய், "நேத்துச் சொன்னது தப்புங்க, அங்க வீடு இருக்கு"ன்னேன். "போடா, எழுதியாச்சு"ன்னான். இது லயத்துல யாருக்கும் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டாங்க. சடையன் மாத்திச் சொல்லப் போனான்னு யாராவது சொல்லிக் கேட்டிருக்கயா?

அதுக்கப்பறம் நாலு வருஷம் ஒண்ணுமில்லை. நான் பாரஸ்டுல வாச்சர் வேலையில சேந்துட்டேன். வேற எங்க போறது? ரிசர்வு அறிவிப்பு வந்துச்சு. ஆட்சேபணை இருக்கறவங்க மூணு மாசத்துக்குள்ள சொல்லணும்னு இந்தக் கடைவீதியில தண்டோரா போட்டாங்க. மேல பதிக்கு எப்படிக் கேக்கும்? நான் போய்ச் சொல்லியிருக்கலாம்ங்கற. உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, அதைத்தான் நெனைக்கற. என்னைத்தான் தள்ளி வெச்சுட்டாங்களே, எந்த மூஞ்சியோட போறது? அதுவுமில்லாம அவங்க யாராவது கீழ எறங்கி வந்து என்னன்னு கேட்டாங்களா?

அப்பறம் ஒரு நாள் ரேஞ்சர், பன்னெண்டு கார்டு, ரெண்டு யானை, வாச்சருங்க. என்னையும் வான்னாங்க. நான் வரலைன்னு சொன்னா வேலை போயிரும். போனேன். பதி நடுவுல, சாமி மரத்தடியில நின்னு ரேஞ்சர் காயிதத்தைப் படிச்சான். சர்வே பண்ணப்ப இங்க ஆளில்லை, அதனால நீங்க புதுசா வந்து குந்திக்கிட்டவங்க, மத்தியானத்துக்குள்ள எறங்கணும். மூப்பனுக்குப் புரியலை. திருப்பிப் படிக்கச் சொன்னாரு. படிச்சான். அப்பறம் மூப்பன் கூட்டத்துக்குள்ள என்னைத் தேடிக் கண்டுபிடிச்சாரு.

"சடையா. நீ பொறந்த குடிசை எதுன்னு இவருக்குக் காட்டு."

நான் ரேஞ்சரைப் பாத்தேன்.

"உன் அப்பனைப் பொதைச்சது எங்கன்னு காட்டு."

காட்டலை. உனக்கு என்ன தெரியும், பன்னெண்டு துப்பாக்கி. ரேஞ்சர் சிரிச்சுக்கிட்டே சொன்னான், "ஆளில்லைன்னு எழுதிக் குடுத்ததே உங்க ஆளுதான்யா. இந்தா நிக்கறான் பாரு."

எனக்கு எழுதவே தெரியாது. எழுதிக் குடுத்தானாம். ஆனா அந்த நிமிசம் பதியே திரும்புச்சு. எல்லாரும் என்னைப் பாத்தாங்க. ரேஞ்சரைப் பாக்கலை, கார்டுங்களைப் பாக்கலை. என்னைப் பாத்தாங்க. யானைய வெச்சுக் குடிசையச் சாய்க்கறப்பகூட ஒருத்தரும் யானையப் பாக்கலை.

உங்கம்மா பானையத் தூக்கிக்கிட்டுப் போறப்ப எங்கிட்ட வந்து நின்னா. திட்டுவான்னு பாத்தேன், திட்டலை. "நீ இனி இங்கதான் சுத்திக்கிட்டு இருப்ப. பொதைச்ச எடம் உனக்குத் தெரியும். அது மேல மட்டும் நடக்காத." அதுதான் அவ எங்கிட்டப் பேசுன கடைசிப் பேச்சு. இருபத்தெட்டு வருஷம் அந்தக் காட்டுல பீட்டு சுத்துனேன். ஒரு நாளும் அது மேல நடக்கலை. சுத்தித்தான் போவேன். தேக்கு நடறப்போ, அந்தப் பக்கம் பாறைங்க, வேர் எறங்காதுன்னு கார்டுகிட்டச் சொன்னேன். நட்டுட்டாங்க, அது வேற விசயம். சொன்னேன்ல. அதை யாராவது லயத்துல சொல்வாங்களா? மூப்பன் மொத வருஷமே லயத்துல காச்சல்ல செத்தாரு. அதுவும் என் தலையிலதான். தெரியும் எனக்கு. கொழந்த சோறு திங்கலைன்னா சடையன் வர்றான்னு சொல்றீங்களாமே. தேயிலை வண்டிக்காரன் சொன்னான்.

சொல்லட்டும். சொன்னேன், நான்தான் சொன்னேன். என் ஒரு வார்த்தையில ஒரு ஊரு போச்சு. யாரு இல்லைன்னா? ஆனா கச்சேரியில வந்து சொல்ல மாட்டேன்.

அது என்ன காயிதம்?

வக்கீல் எடுத்துக் குடுத்த நகலா. யார் எழுதுனது? அந்தத் தொரையா. அவன் அன்னிக்கு எழுதி வெச்சதா. இத்தனை வருஷம் அதை எவன் பொட்டியில வெச்சிருந்தான்? எனக்கு வேண்டாம். உள்ள வை. நான் கண்ணால பாத்தவன், எனக்கு எதுக்குக் காயிதம்?

சரி, படி. படிக்கறதுக்குத்தான பள்ளிக்கூடம் போன. இங்கிலீஷ் வேண்டாம், நம்ம பேச்சுல சொல்லு, நானும் பின்னாலயே சொல்லிப் பாக்கறேன்.

எதுத்த சரிவில் ஒரு குடியிருப்பு தெரிந்தது. ம். குழாய் வழியாகப் பதினோரு குடிசை எண்ணினேன். என்ன? அதைத் திருப்பிப் படி. பதினோரு குடிசை எண்ணினேன். பெண்களும் பிள்ளைகளும் நடமாடுவது தெரிந்தது, ராகி வெளஞ்ச நெலம் தெரிந்தது. வழிகாட்டி அங்கே ஆளில்லை என்கிறான். அவனுக்கும் அவர்களுக்கும் ஏதோ சண்டை போலிருக்கிறது.

நீயா சேத்துப் படிக்கறயா? இல்லையா.

இன்னும் ஒரு வரியா. படி. ரிசர்வின் எல்லை சென்ற வருடமே ஆபீசில் முடிவாகிவிட்டதால், எதுவானாலும் மாற்றம் இல்லை. ஆகவே அவன் சொன்னதையே எழுதிக்கொள்வது வசதி.

வசதி.

அப்படியா போட்டிருக்கு? வசதின்னு?

பேசாத. எந்த எடத்துலன்னு வெரல் வெச்சுக் காட்டு.

அப்ப அவன் பாத்திருக்கான். எண்ணியிருக்கான். பொம்பளைங்களப் பாத்திருக்கான், உங்கம்மாவையும் பாத்திருப்பான். எம் மூஞ்சிய அவ்வளவு நேரம் பாத்தான் பாரு, இதுக்குத்தான் பாத்திருக்கான். நான் ஆமாங்க, ஆளுங்க இருக்காங்க, எல்லாம் எங்க சொந்தக்காரங்கன்னு சொல்லியிருந்தாலும், யானை வந்திருக்கும். வந்திருக்கும்தான? மறுநாள் மாத்திச் சொல்லப் போனதும் ஒண்ணுதான், போகாம இருந்திருந்தாலும் ஒண்ணுதான்.

நீ எதுக்குப் புள்ள அழுவற? என்னைப் பாத்து அழுவாத. எந்திரி. இதைச் சொல்லத்தான் பஸ் ஏறி வந்தயா? நீங்க ஒண்ணும் பண்ணலை பெரியப்பா, மனசு ஆறட்டும்னு? உன்னை யாரு கேட்டா? நாப்பது வருஷமா எல்லாரும் என் பேரைச் சொல்லி வையறாங்க. பொறக்கற கொழந்தைக்குக்கூட என்னைத் தெரியுது. வேற எவனை இப்படித் தெரியும்? உனக்கு உன் பேரே தெரியலை, சடையன் பேரு தெரியுது. இப்ப நீ ஒரு காயிதத்தைக் கொண்டாந்து, அந்த வார்த்தைக்கு ஒரு மதிப்பும் இல்லை, தொரை சும்மா வசதிக்கு எழுதிக்கிட்டான்ங்கற. அப்ப நான் யாரு அங்க? சொல்லு. வழிகாட்டி. பேருகூடப் போடலை பாரு அவன். வழிகாட்டின்னு போட்டிருக்கான்.

போறயா. நில்லு.

பதினொண்ணு தப்பு.

பதினொண்ணு தப்புன்னு சொல்றேன். கச்சேரியில அதைப் போட்டீங்கன்னா மூணு வீட்டுக்காரங்களுக்கு ஒண்ணுமில்லாமப் போயிரும். முகட்டுல இருந்து பாத்தா பெரிய பாறை மறைக்கும். பாறைக்கு அந்தாண்ட ரெண்டு குடிசை, இந்தாண்ட கூரை போடாதது ஒண்ணு. மொத்தம் பதினாலு. எழுதறதுக்குப் பென்சில் இருக்கா? ஓடைக்கரையில மொதல்ல பேச்சி வீடு. அப்பறம் நஞ்சன், அவன் தம்பி ஒண்டியன். சாமி மரத்துக்கு மேற்கால மூப்பன். மூப்பன் வீட்டுக்குப் பின்னால, கூத்தனும் உங்கம்மாவும் புதுசாக் கட்டுனது. அப்ப அதுக்குக் கூரை போடலை, தொரை அதை எண்ணியிருக்க மாட்டான். மெதுவா எழுது. நான் பதினாலும் சொல்றேன், யாருக்கு யார் பொறந்தாங்கன்னும் சொல்றேன், பொதைச்ச எடத்துல எத்தனை கல்லுன்னும் சொல்றேன். சனிக்கெழம கச்சேரிக்கும் வர்றேன். கூண்டுல நின்னு எல்லாத்தையும் சொல்றேன்.

ஆனா அந்தக் கடைசி வரிய நீ லயத்துல போய்ப் படிக்கக் கூடாது. உங்கம்மாகிட்டப் படிக்கவே கூடாது. வக்கீல் கச்சேரியில இங்கிலீஷ்ல படிச்சுக்கட்டும், அது யாருக்கும் புரியாது. நம்ம பேச்சுல மட்டும் சொல்லிறாத. சடையன் சொல்லித்தான் பதி போச்சுன்னே இருக்கட்டும்.

இல்லைன்னா இப்பவே எந்திரிச்சுப் போ, ஒரு வீட்டையும் சொல்ல மாட்டேன்.

ம். எழுது. பேச்சி வீடு எழுதிட்டயா? அவளுக்குப் புருசன் இல்லை, ரெண்டு பொண்ணு.